கல்லூரிக் கால்பந்தும் மாணவர் கூட்டுறவு ஸ்டோரும்: குமரி மாவட்டத்துப் பழைய நாட்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்துக் கல்லூரிகளில் 1950களின் கடைசியிலிருந்து 1970களின் கடைசி வரை படித்தவர்களிடம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். பெரும்பாலானவை கால்பந்து பற்றியவை. ஸ்டோரைப் பற்றி எப்போதாவதுதான் யாராவது கேட்கிறார்கள். அந்தக் குறையைத் தீர்க்க அதற்கான பதில்களைக் கொஞ்சம் நீட்டியே எழுதியிருக்கிறேன்.

எந்தெந்தக் கல்லூரிகளைச் சொல்கிறீர்கள்?

நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி 1893 முதல் கல்லூரியாக இருக்கிறது. தென் திருவிதாங்கூர் இந்துக் கல்லூரி 1952-ல் வந்தது. மார்த்தாண்டத்தில் நேசமணி நினைவுக் கிறிஸ்தவக் கல்லூரி 1964-ல், நாகர்கோவிலில் பெண்களுக்கான ஹோலி கிராஸ் கல்லூரி 1965-ல். அப்புறம் இன்னும் சில. கீழே எழுதியிருப்பது இவற்றில் எந்த ஒன்றின் வரலாறும் இல்லை. அந்தக் காலத்து நடைமுறை பொதுவாக எப்படி இருந்தது என்பதும், என் மாணவப் பருவத்தில் நான் பார்த்ததும் கலந்திருக்கும்.

தாத்தா "யுனிவர்சிட்டி பிளேயர்" என்கிறார், அவர் தம்பியும் அப்படியே சொல்கிறார். ஆனால் இருவரும் வேறு வேறு பல்கலைக்கழகம் சொல்கிறார்களே?

இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கலாம். 1937-ல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகம் தொடங்கியபோது நம் பகுதி அதன் கீழ் இருந்தது. 1956 நவம்பர் 1-ல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆனதும் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பக்கம் போயின. 1966-ல் மதுரைப் பல்கலைக்கழகம் வந்ததும் அங்கே. 1990-ல் திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் பிறந்தபின் அதன் கீழ்.

மைதானம் அதேதான். ஆனால் அண்ணன் அணித் தேர்வுக்குத் திருவனந்தபுரம் போயிருப்பார், தம்பி மதுரைக்குப் போயிருப்பார். மூத்தவர்களின் பேச்சில் திருவனந்தபுரத்து அணிகளும் அடுத்த தலைமுறையின் பேச்சில் பாளையங்கோட்டை அணிகளும் எதிரிகளாக வருவது இதனால்தான்.

கால்பந்தையும் கூட்டுறவையும் ஏன் ஒன்றாகச் சேர்க்கிறீர்கள்? இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

நம் ஊரில் சம்பந்தம் உண்டு. மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ.வின் கிராமப் புனரமைப்பு மையத்தை ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் 1920களில் நடத்தினார். தேனீ வளர்ப்பு, கோழி முட்டையைச் சேர்த்து விற்பது, கூட்டுறவாகச் சந்தைப்படுத்துவது எல்லாம் அங்கே பழக்கமானவை. மார்த்தாண்டம் தேன் இன்றும் பேர் சொல்வதற்கு வேர் அங்கேதான். அதே ஒய்.எம்.சி.ஏ. 1920-ல் ஹாரி குரோ பக் மூலம் சென்னையில் உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியது. தென்னிந்தியக் கல்லூரிகளுக்கு பிசிகல் டைரக்டர்களை ஆக்கி அனுப்பியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஒரே இயக்கம் ஒரு கையில் பந்தையும் இன்னொரு கையில் கணக்குப் புத்தகத்தையும் கொடுத்தது என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான், ஆனாலும் பெரிய பொய் இல்லை.

இன்னொரு காரணம் சாதாரணமானது. கல்லூரியில் மாணவர்கள் நிஜப் பணத்தைத் தொட்டு, தாங்களே முடிவெடுத்த இடங்கள் மிகக் குறைவு. விளையாட்டுக் குழு ஒன்று, ஸ்டோர் இன்னொன்று. அதனால் இரண்டிலும் ஒரே முகங்களைப் பார்க்கலாம். மதியம் ஸ்டோர் ஜன்னலில் பில் எழுதியவன் சாயங்காலம் லெஃப்ட் அவுட்டில் ஓடுவான்.

அந்தக் காலத்துப் பந்து எப்படி இருக்கும்?

தோல் பந்து. உள்ளே ரப்பர் பிளாடர். பிளாடருக்கு விரல் நீளத்தில் ஒரு கழுத்து இருக்கும். பம்பை அதில் செருகிக் காற்றடித்து, காற்று போகும் முன் கழுத்தை மடக்கி, நூலால் இறுக்கிக் கட்டி, அதைத் தோலுக்குள் திணித்து, ஷூ கயிறு கட்டுகிற மாதிரி வாரால் தைத்து மூட வேண்டும். இரண்டு பேர் வேலை. ஒருவன் முழங்காலால் பந்தை அமுக்கிப் பிடிப்பான், மற்றவன் வாரை இழுப்பான். கட்டு சரியில்லை என்றால் அந்த இடம் மட்டும் புடைத்து நிற்கும், பந்து நேராக உருளாது. புடைப்பு நெற்றியில் பட்டால் அன்று ராத்திரி வரை தெரியும். ஹெட் அடிக்க உயர எழும்பியவன் கடைசி நொடியில் தலையைச் சாய்த்தால் "வார் பக்கம் வந்துது" என்பான், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

ஆட்டம் தொடங்கும்போது பந்து 14 முதல் 16 அவுன்ஸ், அதாவது சுமார் 400 முதல் 450 கிராம் இருக்க வேண்டும் என்பது விதி. தொடங்கும்போதுதான். நம் மாவட்டத்துக்கு இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவ மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. தோல் தண்ணீர் குடித்தபின் எவ்வளவு எடை என்று எந்த விதியும் கேட்கவில்லை. பிளாடர் ஓட்டையானால் சைக்கிள் கடையில் சொலூஷன் போட்டு ஒட்டுவார்கள். பந்துகள் பெரும்பாலும் ஜலந்தர், மீரட் சரக்கு. 1947-ல் சியால்கோட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் அங்கே குடியேறி வளர்த்த தொழில் அது.

வெறுங்காலோடு ஆடினார்கள் என்பது உண்மையா?

உண்மை. 1948 லண்டன் ஒலிம்பிக்கிலேயே இந்திய அணியில் பலர் பூட்ஸ் இல்லாமல்தான் பிரான்ஸுக்கு எதிராக ஆடி 1-2 என்று தோற்றார்கள். 1952 ஹெல்சிங்கியில் குளிரில் யூகோஸ்லாவியாவிடம் 1-10. அதன்பிறகுதான் அகில இந்திய அளவில் பூட்ஸ் கட்டாயமானது. ஊர் மட்டத்தில் அது மெதுவாகத்தான் இறங்கி வந்தது. என் காலத்தில்கூடப் பயிற்சியில் பாதிப் பேர் வெறுங்கால், கணுக்காலுக்கு மட்டும் ஆங்க்லெட். பூட்ஸின் அடியில் தோல் கட்டைகளை ஆணி வைத்து அடித்திருப்பார்கள். கட்டை தேயத் தேய ஆணி தலை நீட்டும். ரெஃபரி ஆட்டத்துக்கு முன் காலைத் தூக்கச் சொல்லித் தடவிப் பார்ப்பார்.

அணிப் படத்துக்குக் கீழே எல்.ஓ., ஆர்.ஐ., சி.எச். என்று எழுதியிருக்கிறதே?

ஆடிய இடங்கள். கோலி ஒருவர், ஃபுல் பேக் இருவர், ஹாஃப் பேக் மூவர், முன்வரிசையில் ஐந்து பேர். ரைட் அவுட், ரைட் இன், சென்டர் ஃபார்வர்ட், லெஃப்ட் இன், லெஃப்ட் அவுட். சி.எச். என்றால் சென்டர் ஹாஃப். அணியின் மூளை அவர்தான். உலகம் 1958-ல் பிரேசில் ஆடியதைப் பார்த்து நாலு பேக்குக்கு மாறியபிறகும் நம் பக்கத்தில் இந்தப் பெயர்கள் ரொம்ப நாள் ஓடின.

மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டை கிடையாது. அவை 1970 உலகக் கோப்பையில் வந்தவை. உலகக் கோப்பையில் மாற்று ஆட்டக்காரர் இறங்கியதும் அந்த ஆண்டுதான். அதற்கு முன் அடிபட்டவனை வெளியே உட்கார வைத்தால் பத்துப் பேர்தான். அதனால் நொண்டுகிறவனை விங்கில் ஓரமாக நிறுத்திவிடுவார்கள். எதிரணி அவனைக் கவனிக்காது. அப்படி நின்றவர்கள் போட்ட கோல்களைப் பற்றிக் கதை இல்லாத கல்லூரியே இல்லை. அந்தக் கதைகளில் பாதியை நான் நம்புவதில்லை.

கடற்கரைப் பையன்கள்தான் நன்றாக ஆடுவார்கள் என்பது அப்போதே உண்டா?

உண்டு. மேற்கே நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை என்று வரிசையாக இருக்கும் ஊர்களில் ஆழ்கடலில் சுறா பிடிக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்குப் பந்து என்பது பிறந்ததிலிருந்து பழக்கம். மணலில் ஆடி வளர்ந்த கால். மணலில் பந்து உருளாது, ஆகவே தூக்கித்தான் ஆடப் பழகுவார்கள். உயரத்திலிருந்து வரும் பந்தைக் காலின் மேல்பக்கத்தில் வாங்கி அப்படியே சாக விடுவது அவர்களுக்குச் சும்மா. உள்நாட்டுப் பையன்களான எங்களுக்கு அது மூன்று தட்டு வேலை.

ஆனால் கல்லூரி மைதானம் சரல், பொடிக்கல் தரை. விழுந்தால் முழங்கால் தோல் போய்விடும், டிங்சர் போடும்போது கத்துவது அடுத்த கட்டடத்துக்குக் கேட்கும். முதல் மாதம் கடற்கரைப் பையன்களுக்கு இந்தத் தரை ஒத்துவராது, பந்து அவர்கள் நினைத்ததைவிட வேகமாக ஓடிவிடும். பழகிய பிறகு அவர்களைப் பிடிக்க முடியாது.

அவர்களுக்கு உண்மையான இடைஞ்சல் வேறு. ஆறு மணிக்குப் பயிற்சி முடிந்தால் கடற்கரைக்கு பஸ் இருக்கிறதா என்பது. ஹாஸ்டலில் இடம் கிடைத்தவன் அணியில் நிலைத்தான், கிடைக்காதவன் திறமை இருந்தும் ஊர்க் கிளப்போடு நின்றுவிட்டான். இதற்கு எந்தக் கல்லூரியும் அக்கறையாக வழி செய்ததாக நான் பார்க்கவில்லை. வீட்டில் ஆள் குறைந்து படிப்பை விட்டுக் கடலுக்குப் போனவர்களும் உண்டு. அந்தக் கரையின் பந்து மட்டும் நிற்கவில்லை. இந்தியாவுக்கு ஆடிய மைக்கேல் சூசைராஜ் இரவிபுத்தன்துறைக்காரர்.

வெளியூர் ஆட்டங்களுக்கு எப்படிப் போனார்கள்?

பஸ். நாகர்கோவிலுக்கு ரயில் வந்ததே 1979-ல்தான், அதுவும் முதலில் திருவனந்தபுரம் பக்கமிருந்து. திருநெல்வேலிப் பாதை 1981-ல். அதற்கு முன் திருநெல்வேலிக்கு ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக 80 கிலோமீட்டர், எதிர்க்காற்றில். டிரங்குப் பெட்டி ஒன்றில் ஜெர்சி, பந்து, பம்பு, எலுமிச்சம்பழம், உப்பு. ஹாஃப் டைமுக்கு ஒரு குலை மட்டிப்பழம். ஜெயித்துத் திரும்பினால் கிழங்கும் மீன்குழம்பும், தோற்றால் கட்டஞ்சாயாவோடு சரி. செலவுக் கணக்கை மேனேஜராகப் போன மாணவன் பைசா சுத்தமாக எழுதிக் கொடுக்க வேண்டும், பஸ் டிக்கெட்டுகளை நூலில் கோத்து இணைக்க வேண்டும்.

சரி, ஸ்டோர் என்பது யாருடையது? கல்லூரி கடைதானே?

இல்லை. வராந்தா மூலையில் ஒரு அறை, பாதிக் கதவு, அதன்மேல் ஒரு பலகை. பார்த்தால் கல்லூரி கடை மாதிரித்தான் இருக்கும். ஆனால் அது பதிவு செய்யப்பட்ட கூட்டுறவுச் சங்கம். சேரும்போது நுழைவுக் கட்டணமும் ஒரு பங்குத் தொகையும் கட்டி உறுப்பினராக வேண்டும். பெரும்பாலும் பிரின்சிபால் தலைவர், ஒரு ஆசிரியர் செயலாளர், இயக்குநர் குழுவில் மாணவர்கள். ஒருவருக்கு ஒரு ஓட்டு, பங்கு எத்தனை வைத்திருந்தாலும் சரி. 1844-ல் இங்கிலாந்தில் ராச்டேல் நெசவாளர்கள் தொடங்கிய கடையின் விதிதான் நம் வராந்தாவிலும்.

இதற்கான சட்டம் நம் பகுதிக்குப் புதிதில்லை. திருவிதாங்கூரில் 1914-லேயே கூட்டுறவுச் சங்கச் சட்டம் வந்துவிட்டது. பிறகு திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டம், மாநிலம் மாறியபின் சென்னை மாநிலச் சட்டம், 1961-ல் புதுச் சட்டம். கூட்டுறவுத் துறை ஆடிட்டர் ஆண்டுக்கு ஒருமுறை வந்து உட்காருவார். அவருக்குச் சாயா வாங்கிக் கொடுக்கலாம், அதற்கு மேல் சலுகை கேட்க முடியாது.

என்னென்ன விற்றார்கள்?

குயர் நோட்டு. ஒரு குயர் என்றால் 24 தாள், மடித்துத் தைத்தால் 96 பக்கம். ரெக்கார்டு நோட்டு, கிராஃப் தாள், லாக் டேபிள், ஜியாமெட்ரி பாக்ஸ், விலங்கியல் மாணவர்களுக்கு அறுக்கிற கருவிப் பெட்டி. மை. புட்டி வாங்க முடியாதவனுக்குப் பேனாவில் மட்டும் நிரப்பிக் கொடுப்பார்கள், அதற்கு ஒரு சிறு காசு. ஃபில்லரை ஒரு சொட்டும் சிந்தாமல் அமுக்கத் தெரிந்தவனைத்தான் அங்கே உட்கார வைப்போம். சிந்தினால் நஷ்டம் சங்கத்துக்கு. பாடப்புத்தகம் மொத்தமாக வரவழைப்பதில் கிடைக்கும் கழிவில் ஒரு பகுதி வாங்குகிறவனுக்கே போகும். வெளிக் கடைக்காரர்களுக்கு இது பிடிக்காது. சிலர் நேரடியாகவே பிரின்சிபாலிடம் வந்து புலம்பினார்கள்.

லாபம் எங்கே போகும்?

முதலில் சேமநிதிக்கு, அதாவது சங்கத்தின் கையிருப்பு நிதிக்கு. 1912-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டுறவுச் சட்டம் நிகர லாபத்தில் நான்கில் ஒரு பங்கை அப்படி ஒதுக்கச் சொன்னது. பின்னால் வந்த சட்டங்களிலும் ஒதுக்கீடு உண்டு. அதற்குப் பிறகு பங்கு ஈவு, அது சிறு தொகை. மாணவர்கள் எதிர்பார்த்தது கொள்முதல் தள்ளுபடியைத்தான். ஆண்டு முழுக்க எவ்வளவுக்கு வாங்கினாயோ அதற்கு ஏற்ப ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். அதற்கு பில்லை வைத்திருக்க வேண்டும். பாதிப் பேர் பில்லைக் கசக்கி எறிவார்கள். ஹாஸ்டல் வராந்தாவில் அவற்றைப் பொறுக்கிச் சேர்த்தவர்கள் இருந்தார்கள், உறுப்பினர் எண்ணை எழுத ஆரம்பித்த பிறகுதான் அது நின்றது.

ஸ்டோரில் எது கஷ்டமான வேலை?

ஜூன் 30. கூட்டுறவு ஆண்டு அப்போது ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. கல்லூரி திறப்பதோ ஜூனில். அதாவது புதிதாகச் சேர்ந்த பி.யு.சி. (புகுமுக வகுப்பு) பிள்ளைகள் நோட்டுக்கும் புத்தகத்துக்கும் நெருக்கித் தள்ளும் அதே வாரத்தில், அலமாரியில் இருப்பது ஒவ்வொன்றையும் எண்ணி இருப்புப் பதிவேட்டோடு ஒத்துப்பார்க்க வேண்டும். வெளியே மழை, உள்ளே சாக்கு விரித்து அடுக்கிய நோட்டுக் கட்டுகள், கீழ்வரிசையில் ஈரம் ஏறாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஈரம் பட்ட நோட்டில் மை ஊறும், அதை முழு விலைக்கு விற்க முடியாது, விலை குறைக்கக் குழுவின் தீர்மானம் வேண்டும். தீர்மானத்துக்குக் கோரம், அதாவது குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை, வேண்டும். கோரத்துக்கு ஆள் வேண்டும் என்றால் மைதானத்துக்கு ஆள் அனுப்ப வேண்டும். "மக்கா, பந்தை விட்டுட்டு வாலே, கையெழுத்துப் போட்டுட்டுப் போ" என்று கூப்பிட்டு, சேறு பட்ட கையைத் துடைக்க வைத்துத் தீர்மானப் புத்தகத்தை நீட்டியிருக்கிறோம்.

கடனுக்குக் கொடுத்தார்களா?

விதிப்படி இல்லை. நடைமுறையில் செயலாளர் ஆசிரியர் தன் பையிலிருந்து போட்டுவிட்டு நோட்டைக் கொடுத்து அனுப்புவார்.

தேர்தல் எப்படி நடந்தது?

மாணவர் பேரவைத் தேர்தலுக்கு மேளமும் நோட்டீஸும். ஸ்டோர் இயக்குநர் தேர்தல், உறுப்பினர்கள் எல்லாரும் கூடும் மகாசபைக் கூட்டத்தில் கையைத் தூக்கி முடிந்துவிடும், போட்டி இருந்தால் சீட்டு. கால்பந்து அணியில் இருந்தவன் நின்றால் ஜெயிப்பான். ஆனால் கணக்குப் பார்க்கத் தெரிந்தவன் இரண்டாம் முறையும் ஜெயிப்பான். மகாசபையில் கேள்வி கேட்கிற உரிமை முதல் ஆண்டு மாணவனுக்கும் உண்டு. "சில்லறைச் செலவு என்று எழுதியிருப்பது என்ன?" என்று ஒல்லியாக ஒருவன் எழுந்து கேட்க, மேடையில் பிரின்சிபால் பதில் தேடியதை நான் பார்த்திருக்கிறேன். வகுப்பறையில் அது நடக்காது.

காகிதத் தட்டுப்பாடு என்று அப்பா சொல்வது எப்போது?

1973-74. எண்ணெய் விலை ஏறிய சமயத்தில் காகிதமும் எட்டாத பண்டமானது. மாணவர்கள் பழைய நோட்டின் வெற்றுப் பக்கங்களைக் கிழித்துத் தைத்தார்கள். உறுப்பினருக்கு இத்தனை நோட்டு என்று ஸ்டோரில் பங்கு வைத்தோம். 1975-ல் இந்திரா காந்தி அறிவித்த இருபது அம்சத் திட்டத்தில் இரண்டு அம்சங்கள் மாணவர்களுக்கானவை: கட்டுப்பாட்டு விலையில் புத்தகமும் எழுதுபொருளும், விடுதிகளுக்குக் கட்டுப்பாட்டு விலையில் அத்தியாவசியப் பொருள். நெருக்கடி நிலையின் மற்ற கணக்குகள் வேறு. நோட்டு விஷயத்தில் மாணவர் ஸ்டோர்களுக்கு அது நல்ல காலம், இதை மறைக்கத் தேவையில்லை.

பெண்கள்?

பந்தில் இல்லை. கல்லூரிப் பெண்கள் கால்பந்து ஆடலாம் என்று அன்று யாரும் யோசிக்கவே இல்லை. ஸ்டோரில் பங்கும் ஓட்டும் சமம். எங்கள் கல்லூரியில் மாணவிகள் நோட்டு வாங்க வந்தால் வரிசை விலகி வழி விடும், குழுவில் இடம் என்றால் அந்த வழி அவ்வளவு சுலபமாக விலகவில்லை.

ஏன் எல்லாம் தேய்ந்தது?

ஒரே காரணம் இல்லை. 1978-ல் பிளஸ் டூ வந்து பி.யு.சி. போனது. ஸ்டோருக்கு ஆண்டுதோறும் அதிகம் வாங்கிய கூட்டம் மேல்நிலைப் பள்ளிக்குப் போய்விட்டது. கல்லூரி வாசலிலேயே ஸ்டேஷனரி கடைகள் வந்தன, அப்புறம் ஜெராக்ஸ் வந்தது, பாடப்புத்தகம் வாங்குவதே குறைந்தது. கால்பந்துக்கு வந்த வினை கிரிக்கெட்டும் டிவியும் என்பார்கள். என் கணிப்பில் சாயங்கால நேரம் டியூஷனுக்குப் போனது அதைவிடப் பெரிய காரணம்.

வீட்டில் பழைய பங்குச் சீட்டு கிடைத்தது. மலையாளத்தில், ஆண்டு 1128 என்று இருக்கிறது. என்ன அது?

கொல்லம் ஆண்டு. 1956 வரை நாம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்ததால் மலையாளச் சீட்டு வருவதில் ஆச்சரியமில்லை. ஆவணி முதல் டிசம்பர் வரையிலான தேதி என்றால் 824 கூட்டுங்கள், ஜனவரிக்குப் பிறகு என்றால் 825. அதாவது உங்கள் சீட்டு 1952 அல்லது 1953. இன்னும் பழைய கணக்கில் சக்கரம், பணம் என்ற திருவிதாங்கூர் நாணயங்கள் வரலாம்: பிரிட்டிஷ் ரூபாய்க்கு 28½ சக்கரம். 1957 ஏப்ரல் 1-க்கு முந்தைய பேரேட்டில் ரூபாய், அணா, பை என்று மூன்று கட்டம் இருக்கும், அதற்குப் பிறகு ரூபாய், நயா பைசா. சங்கம் கலைக்கப்பட்டிருந்தால் சீட்டுக்குப் பணம் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம்.

தீர்மானப் புத்தகமோ அணிப் படமோ இருந்தால் என்ன செய்வது?

புத்தகம் சங்கத்தின் சொத்து, தாத்தாவின் சொத்து இல்லை. கல்லூரி நூலகத்துக்குக் கொடுத்து ரசீது வாங்குங்கள். கொடுக்கும் முன் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்துவிடுங்கள், வெற்றுப் பக்கம் உட்பட. அணிப் படம் வீட்டிலேயே இருக்கட்டும். அதில் இருப்பவர்களின் பெயர் தெரிந்த ஆள் யாராவது உயிரோடு இருக்கும்போதே உட்கார வைத்துக் கேட்டு, இடமிருந்து வலமாக, உட்கார்ந்த வரிசை தனி, நின்ற வரிசை தனி என்று எழுதுங்கள். ஓரத்தில் காக்கிச் சட்டையோடு நிற்கும் மைதானக் காவலாளியின் பெயரையும் கேளுங்கள், அச்சடித்த வரிசையில் அது இருக்காது. எழுதுவது படத்தின் பின்பக்கத்தில், பென்சிலால். பேனா மை சில ஆண்டுகளில் முன்பக்கம் ஊறிவிடும்.